ஏப்ரல் பத்தொன்பதில் பாயசம்

காஞ்சனாவின் பீரோவில் புடவைகளுக்கு ஒரு தட்டு, கோப்புகளுக்கு மூன்று தட்டு. செகந்திராபாத் பக்கத்துச் சனத்நகரில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குப் போனவள், ஆறு ஆண்டுகளில் அதே தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர் ஆனாள். யாரும் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு ரேக்கிலும் தொங்கும் அட்டையில் வந்த சரக்கையும் போன சரக்கையும் எழுதுவதைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். சீட்டு இல்லாமல் அவள் கையிலிருந்து ஒரு வாஷர்கூட வெளியே போனதில்லை.

வீட்டையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். கணவன் ஜெயச்சந்திரன் ரயில்வே பணிமனையில் டெக்னீஷியன். மகள் சுஷ்மாவுக்கு ஏழு வயதாகும்போது வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டு போலாரத்துக்குப் போய்விட்டான். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிட்ஸ் நடைபாதையில் பழைய சட்டப் புத்தகங்களை வாங்கி வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து, குடும்ப நீதிமன்றத்தில் தன் வழக்கைத் தானே பேசினாள். மகளின் படிப்பு முடியும் வரை அவளுடைய பராமரிப்புக்காக மாதம் எட்டாயிரம் ரூபாய் தகப்பன் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டு, அவள் பதினெட்டு வயதில் மேஜராகும் வரை தாயின் கணக்கில் சேர வேண்டும் என்று தீர்ப்பானது. அந்தத் தீர்ப்பு மேல்தட்டில், கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்தது.

அதற்குக் கீழே, அட்டையில் பெயர் எழுதப்படாத பச்சைக் கோப்பு ஒன்று இருந்தது. அதில் இரண்டே காகிதங்கள். ஒன்று, சுஷ்மா பிறந்தது 19-4-2007 என்று சொல்லும் பிறப்புச் சான்றிதழ். மற்றொன்று, அவள் பிறந்தது 2-6-2006 என்று காஞ்சனா உறுதிமொழி கொடுத்த பத்திரத்தின் நகல்.

சனத்நகர் வேலை கிடைத்தபோது குழந்தைக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம். பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஐந்து நிறையாத பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க முடியாது என்றார்கள். அன்று ஜெயச்சந்திரன்தான் வழி சொன்னான்.

"ஒரு வருசம் கூட்டிப் போட்டா முடிஞ்சிது. எதுக்கு இவ்ளோ யோசிக்கற? ஊர்ல எல்லாரும் செய்யறதுதானே."

காஞ்சனா கையெழுத்திட்டாள். அவள் வாழ்க்கையில் கையெழுத்திட்ட ஒரே பொய்க் காகிதம் அது. அதற்குப் பிறகு பொய் வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று ஜூன் இரண்டாம் தேதியே மகளின் பிறந்தநாளாயிற்று. கேக், புதுத்துணி, சாக்லேட் எல்லாம் அன்றைக்குத்தான். சுஷ்மாவுக்கே வேறு தேதி தெரியாது. ஏப்ரல் பத்தொன்பதில் மட்டும் காஞ்சனா சேமியா பாயசம் வைப்பாள். "இன்னைக்கு ஏன்மா?" என்று பெண் கேட்டால், "முந்திரி மிச்சம் இருந்திச்சு" என்பாள்.

சுஷ்மா பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, 2025 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜெயச்சந்திரனின் மனு தபாலில் வந்தது. காஞ்சனா அதை மூன்று முறை படித்தாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றின்படி மகள் 2024 ஜூன் இரண்டாம் தேதியே மேஜராகிவிட்டாள். அதற்குப் பிறகு பத்து மாதம் தாய் வாங்கிய எண்பதாயிரம் அவளுக்கு உரிமையில்லாத பணம். அதை மகளின் கணக்கில் அவள் செலுத்த வேண்டும். இனி வரும் தொகையும் நேராக மகளுக்கே போக வேண்டும். கடைசிப் பக்கத்தில் சுஷ்மாவின் வங்கிக் கணக்கு எண் இருந்தது. தொடங்கி ஐந்து மாதமாகியிருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்று மகளிடம் கேட்டாள்.

சுஷ்மா கைப்பேசியிலிருந்து தலை தூக்கவில்லை. "டாடிதான் ஓப்பன் பண்ணாரு. சொன்னா நீ கத்துவேன்னு சொல்லல."

காஞ்சனா கத்தவில்லை. மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பச்சைக் கோப்போடு நீதிமன்ற வாசலில் மனுக்கள் தட்டச்சு செய்யும் முகமது யூசுப்பிடம் போனாள். ஆம்பூர்க்காரர், பத்து ஆண்டுகளாக அவளுடைய மனுக்களை அடித்துத் தருபவர். இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதெக் காட்டுனா பத்து மாசக் காசு உங்களுதுதாம்மா, பேச்சே இல்ல. பொண்ணு இன்னும் மைனர். ஆனா பாப்பாவோட மார்க் மெமோ, ஆதாரு, காலேஜு சீட்டு, எல்லாத்துலயும் தப்புத் தேதின்னு ஆயிடும். பொய்ச் சத்தியம் பண்ணுனது நீங்கன்னும் எழுத்துல நிக்கும். எங்க போய் முடியும்னு என்னால சொல்ல முடியாது."

"அவரும்தான் கூட இருந்தாரு, பாய்."

"கையெழுத்து உங்களுது மட்டும்தானே இருக்குது."

அவள் கோப்பை மூடிப் பையில் வைத்தாள். அதைக் காட்டுவதா வேண்டாமா என்று அடுத்த ஒரு வாரமும் அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

ஏப்ரல் பதினேழு, வியாழக்கிழமை. நீதிமன்றத்தில் ஆலோசகரைப் பார்க்க மூவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். வராந்தாவில் சுஷ்மா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஜெயச்சந்திரன் பக்கத்தில் வந்து நின்றான். தலை பாதி நரைத்திருந்தது.

"அந்தப் பேப்பர் உன்னாண்டதான் இருக்கும். பஸ் டிக்கெட்டையே தூக்கிப் போடாதவளாச்சே நீ. காட்டும்மே, பாக்கலாம்."

"பொண்ணு படிப்பை வெச்சா விளையாடறது?"

"நான் விளையாடல. எம் பொண்ணுக்கு நான் குடுக்கறேன். நடுவுல நீ யாரு, போஸ்ட்மேனா?"

அவளிடம் பதில் இருந்தது. அரிசி, வாடகை, கல்லூரிப் பேருந்து, காய்ச்சல், கண்ணாடி என்று மூன்று தட்டு நிறைய இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மகள் வருவதைப் பார்த்து அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஆலோசகர் ஆரோக்கியமேரி தமிழ்க் குடும்பம் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசினார். காஞ்சனா கொண்டுவந்திருந்த ரசீதுகளைப் பொறுமையாகப் புரட்டினார்.

"நீங்க ஒரு ரூபா வீணாக்கலைங்கறது தெரியுதும்மா. அதை யாரும் இங்க கேக்கல. மேஜரான பொண்ணு, அவ பணம் எங்க போகணும்னு அவதான் சொல்லணும்." பிறகு சுஷ்மாவின் பக்கம் திரும்பினார். "நீ இப்ப பெரியவ. உன் வாயால சொல்லு."

காஞ்சனாவின் கை மடியிலிருந்த பைக்குள் போனது. விரலில் பச்சைக் கோப்பின் ஓரம் பட்டது. அவளுக்குக் கணக்குத் தெரியும். இந்தப் பெண் பெரியவளாக இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இந்தக் கேள்வியை இன்று இவளிடம் கேட்கக் கூடாது என்று சொல்ல, இந்தக் கட்டிடத்துக்குள் அவள் ஒருத்தியிடம்தான் சான்று இருக்கிறது.

"நா அக்கவுண்ட்லோனே வெய்யண்டி, மேடம்," என்று தன் கணக்கிலேயே போடச் சொல்லித் தெலுங்கில் கேட்டாள் சுஷ்மா. பிறகு தாயைப் பார்க்காமல் தமிழில் சொன்னாள். "அம்மா மேல கோவம் இல்ல. எனக்கு ஒரு செருப்பு வாங்கினாலும் பில் ஃபைலுக்குப் போகும். அம்மா எனக்குக் குடுக்கறதெல்லாம் யாருக்கோ காட்டறதுக்குன்னே தோணும். என் பேர்ல வந்தா, பில் இல்லாம எதனா வாங்கிப் பாக்கணும்."

ஆலோசகர் காஞ்சனாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க? அந்த எண்பதாயிரத்துக்கு ஏதாவது ஆட்சேபணை, சான்று இருக்கா?"

காஞ்சனா பைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். விரல்களில் பேனா மட்டும் இருந்தது.

"இல்லீங்க மேடம். மாசம் எட்டாயிரமா கட்டிடறேன்."

ஜெயச்சந்திரன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கையெழுத்துப் போடும்போதுகூட அவன் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது பேருந்தில் தாயும் மகளும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். செகந்திராபாத் நெருங்கும்போது சுஷ்மா மெதுவாகச் சொன்னாள்.

"அந்த எண்பதாயிரம் நக்கோ, வேணாம். டாடிதான் கேட்டாரு, நான் கேக்கல. நீ போடாதம்மா."

"எழுதிக் குடுத்தாச்சு. போட்டுடறேன்."

"மே மாசத்துலருந்து போட்டாப் போதும்னுதானே சொன்னாங்க?"

"ஹவ்," என்று ஆமோதித்துத் தலையாட்டினாள் காஞ்சனா.

சனிக்கிழமை காலை, தொழிற்சாலைக்குப் போகும் முன்பே அவள் வங்கி வாசலில் நின்றாள். ஷட்டர் தூக்கியதும் முதல் ஆளாக உள்ளே போய்ச் செலுத்துச் சீட்டை நிரப்பினாள். கணக்கு வைத்திருப்பவர் பெயர் ஜெ. சுஷ்மா. தொகை எட்டாயிரம். தேதியை எழுதும்போது கை சற்று நின்றது. பிறகு ஒவ்வொரு எண்ணையும் கட்டத்துக்குள் அழுத்தி எழுதினாள்: 19-04-2025. கவுன்டரில் இருந்தவர் பணத்தை எண்ணி, சீட்டைக் கிழித்து, முத்திரை குத்தி அடிக்கட்டையைத் தள்ளினார். ஊதா மையில் அதே தேதி விழுந்திருந்தது. பதினான்கு ஆண்டுகளாக மகளின் பெயரும் இந்தத் தேதியும் எந்தக் காகிதத்திலும் ஒன்றாக வந்ததில்லை. பிறந்தநாள் பணம் என்று அதில் எங்கும் எழுத இடமில்லை.

மாலையில் வீட்டுக்கு வந்து அந்த அடிக்கட்டையைப் பச்சைக் கோப்பில் மூன்றாவது காகிதமாக வைத்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைத்து நெய்யில் முந்திரி வறுத்தாள்.

சுஷ்மா கைப்பேசியோடு அடுப்படிக்கு வந்தாள். "எட்டாயிரம் வந்திருக்குதுன்னு மெசேஜ். இன்னைக்கேவா? ஏம்மா இவ்ளோ அவசரம்?"

காஞ்சனா கிண்ணத்தில் பாயசத்தை ஊற்றி அவளிடம் நீட்டினாள்.

"பாயசம் வேற. என்ன விசேஷம்?"

"முந்திரி மிச்சம் இருந்திச்சு."

"உனக்கு வருசா வருசம் இந்த ஏப்ரல்லதான் முந்திரி மிச்சமாவுது," என்று சிரித்தபடி அங்கேயே நின்று குடித்தாள் சுஷ்மா. கிண்ணத்தை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். தனக்கென்று எடுத்து வைத்திருந்ததையும் காஞ்சனா அதில் ஊற்றினாள்.