எமகண்டனுக்கு ஓர் அலமாரி

வாசகசாலையைப் பார்த்துக்கொள்பவனைப் போல் சும்மா இருப்பவன் உலகத்தில் கிடையாது என்பது, அதைப் பார்த்துக்கொள்ளாத அத்தனை பேரின் ஏகோபித்த அபிப்பிராயம். நீங்களும் எங்காவது புத்தகம் இரவல் கொடுத்துப் பட்டவர் என்றால் மேலே படியுங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் புதுசு, ரோடு புதுசு, வேப்பங்கன்றுகூட இடுப்பு உயரம்தான். பகலில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலம் எங்கள் பிளாக் மன்றத்தின் வாசகசாலைப் பொறுப்பு. அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டதற்கு ஒரே காரணம் எமகண்டன். அப்படி ஒரு புனைபெயரில் வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தார் ஒரு மகானுபாவர். சாவு இல்லாமல் ஓர் அத்தியாயம் இருக்காது, சிரிக்காமல் ஒரு பக்கம் தாண்ட முடியாது.

அவருடைய 'நாள் குறித்தவர்' எனக்கு உயிர். ஜோசியர் சொன்ன நாளில் செத்துவிடுவோம் என்று நம்பி, ஒரு பண்ணையார் சொந்தபந்தங்களை முன்கூட்டியே வரவழைத்துவிடுவார். நாள் தாண்டிவிடும், அவர் சாகமாட்டார். வந்தவர்களும் கிளம்பமாட்டார்கள். அத்தனை பேருக்கும் ஆக்கிப்போட்டு, ஆக்கிப்போட்டு, கடைசி அத்தியாயத்தில் சமையல்காரர் செத்துப்போவார். வந்தது வீண்போகவில்லை என்று கூட்டம் திருப்தியாகத் துண்டை உதறிக்கொண்டு எழும். எமகண்டன் செத்தவரைப் பார்த்துச் சிரிப்பதே இல்லை. துக்கத்துக்கு வந்த இடத்தில் காபியில் சர்க்கரை போதவில்லை என்கிறாரே, அவரைப் பார்த்துத்தான் சிரிப்பார். அதனால்தான் அவர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம்.

பெரியப்பா படும் பாடு

எங்கள் ஊரில் அப்போது எல்லாரும் இளவட்டம். சாவு என்றால் சொந்த ஊரிலிருந்து தந்தியில் வந்தால்தான் உண்டு. தந்தி வந்தால் லீவும் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து ஃபிட்டர் சண்முகம் இந்த வழியில் தன் பெரியப்பாவை இரண்டு தீபாவளிக்குச் சாகடித்துவிட்டார். மூன்றாவது தடவை ஃபோர்மேன் சுந்தரேசன் தந்தியை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்க பெரியப்பாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சண்முகம் நேரே என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, அந்த எமகண்டன் புக்கு ஒண்ணு தாங்க. எங்க பெரியப்பாவ இனிமே எப்படிக் கொல்லுததுன்னு அவருகிட்டதான் கேக்கணும்."

தனியாகச் சிரித்தவன்

மன்றத்தைப் பெருக்க வரும் அஞ்சலை பக்கத்துக் கிராமத்துக்காரி. நான் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து அவளுக்குக் கவலை வந்துவிட்டது. "இன்னாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள். சரி, கேள் என்று, பாடை தூக்க வந்தவர்கள் இட்லி வரும்வரை தூக்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிடும் அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். துடைப்பத்தைப் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு திடீரென்று முகம் மாறியது.

"எங்க வூட்டுக்காரரு பெரியம்மா சாவுல நடந்தத இவருக்கு யாருங்க சொன்னது?"

துக்கம் விசாரிக்கப் போன இடம்

அந்த ஃபோர்மேன் சுந்தரேசனும் எமகண்டன் பைத்தியம்தான். மனைவியோடு அடுத்த பிளாக்கில் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறார். அங்கே ஒருவர் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். சுந்தரேசனுக்குக் கதை ஞாபகம் வந்துவிட்டது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கியிருக்கிறார். அழுகிறார் என்று நினைத்து, துக்கவீட்டுக்காரரே வந்து இவரைத் தேற்றும்படி ஆகிவிட்டது.

எல்லாரும் ஏமாந்தார்கள், கூடப் போன அவர் மனைவி ஏமாறவில்லை. மறுநாளே எமகண்டன்மேல் புகார் மன்றச் செயலாளரிடம் போயிற்று. அவர் ஸ்டோர்ஸ் அதிகாரி. வேண்டாத சாமானை வெளியே தள்ளுவதில் பேர்போனவர். "அடுத்த கமிட்டியில எமகண்டனைத் தூக்கிடறேன் ராமலிங்கம். பழைய பேப்பர்காரனை வரச் சொல்லு" என்றார்.

அந்தக் கதைகள் புத்தகமாக வரவே இல்லை. வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, வடலூரில் பைண்டு பண்ணி வைத்திருந்தேன். பொட்டலமாகப் போனால் போனதுதான். 'நாள் குறித்தவர்' அன்றுதான் பைண்டிங்கிலிருந்து வந்து மேஜைமேல் இருந்தது. நான்கூட இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. செயலாளர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கமிட்டிக்குச் சாட்சி வேணுமில்லையா?"

வடலூர் பைண்டிங்

கமிட்டி அன்று சாயங்காலம், பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செயலாளர் வந்தார். கண்ணைத் துடைத்தார், மூக்கைத் துடைத்தார், பேச முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ராமலிங்கம்! சமையல்காரன் செத்துப்போறான், எடுத்துக்கிட்டுப் போயாச்சு. அடுத்த அத்தியாயத்துல அவனே வந்து சாம்பார் ஊத்தறான்யா! பந்தியில ஒருத்தனாவது, 'ஏம்ப்பா, நீ செத்துட்டியே'ன்னு கேக்கணுமே! 'இன்னும் கொஞ்சம் ஊத்து'ங்கறான்! சொந்தக்காரங்களை இதுக்கு மேல எவன் எழுத முடியும்?"

சமையல்காரர் சாவோடு கதை முடிந்திருக்க வேண்டுமே! வாங்கிப் பார்த்தேன். பைண்டர் கடைசி இரண்டு அத்தியாயங்களை முன்பின்னாக வைத்துத் தைத்திருந்தார். ஓரம் வெட்டும்போது அத்தியாய எண்களையும் சேர்த்து வெட்டியிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறப்பேனா?

கமிட்டியில் எமகண்டனுக்குத் தனி அலமாரியே கிடைத்தது. செயலாளர் அந்தப் புத்தகத்தை முதல் வேலையாகச் சுந்தரேசன் மனைவிக்குக் கொடுத்தனுப்பினார். மறு வாரம் அந்த அம்மாளே நேரில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"பாவம், உழைச்சே செத்த மனுஷனைக் கடைசியில எழுப்பி நடமாட விட்டாரே, அதுக்காக உங்க எமகண்டனை மன்னிச்சுட்டேன்."

எழுதியவர் கொன்றதை ஊசிநூல்காரர் பிழைக்கவைத்துவிட, நடுவில் இருந்த நான் சும்மா இருந்தே ஓர் அலமாரியைக் காப்பாற்றினேன் என்பதால், வாசகசாலைக்காரன் சும்மா இருப்பவன் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் நான் மறுப்பதே இல்லை.