மைக்கில் சொன்ன ஊர்ப்பெயர்

என் வாயாலேயே என் மகனைக் கொன்றுவிட்டேன் என்று ஐந்து நாள் நம்பிக் கிடந்தேன். சபையாரே, அந்த ஐந்து நாளைத்தான் எழுதுகிறேன். மூன்றாவது வரைக்கும் படித்தவள், எழுத்து மெதுவாகத்தான் வரும்.

என் மகன் ஜெயசீலன் விமானப்படையில் போர் விமானம் ஓட்டுகிறான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவன். அவனுக்கு ஏழு வயதில் அவன் அப்பா தவறிவிட்டார். பல்லடத்தில் தறி ஓட்டித்தான் அவனைப் படிக்கவைத்தேன். அவன் முதன்முதலாகத் தனியாகப் பறந்த அன்று தெரு முழுக்கத் தேங்காய் பன் கொடுத்தேன். எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்கமாட்டேன்.

எல்லையில் சண்டை மூண்டபோது வடக்கே போவதாகப் போனில் சொன்னான். நான் விடாமல் கேட்டதால் ஊர்ப்பெயரையும் சொன்னான். யாரிடமும் சொல்லக்கூடாது என்றான். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஜெபக்குறிப்பு சொல்வது எங்கள் சபை வழக்கம். மைக் வரிசையாகக் கைமாறி வரும். ஒருவர் மூட்டுவலி என்பார், ஒருவர் மகளுக்கு வரன் என்பார். என் முறை வந்தது. எழுந்து நின்று மகன் பெயரையும் அந்த ஊர்ப்பெயரையும் கணீரென்று சொன்னேன். இடத்தைச் சொன்னால்தான் ஜெபம் அங்கே போய்ச் சேரும் என்று ஒரு நினைப்பு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. ஆராதனை யூடியூபில் போய்க்கொண்டிருந்தது என் நினைவிலேயே இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிவியில், அந்த ஊர் விமானத்தளத்தில் குண்டு விழுந்தது என்றார்கள். மகன் போன் அணைந்து கிடந்தது. பாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். உடனே அந்த வீடியோவை யூடியூபிலிருந்து எடுத்துவிட்டார். என்னைத் தேற்றவும் பார்த்தார்.

“அறுபது பேருதானுங்கம்மா பாத்திருக்காங்க. அதுல நாப்பது பேரு நம்ம சபைக்காரங்க.”

“மீதி இருபது பேரு யாருங்க?”

பைபிளை எடுத்து ஜெபம் பண்ணத் தொடங்கினார்.

சோறு இறங்கவில்லை. போன் மணி காதில் விழவேண்டுமே என்று, பக்கத்துத் தறிக்காரரிடம் கெஞ்சித் தறியை நிறுத்தவைத்தேன். மண்டியிட்டால் ஜெபம் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? காட்டிக்கொடுத்ததே நான்தானே. வெள்ளிக்கிழமை தரையில் விழுந்து, “ஆண்டவரே, பேசுனது என் வாயி. என்னை அடியுங்க, அவனை உட்ருங்க” என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை இல்லை. அழுகைதான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடித்தது.

“அம்மா, நாந்தானுங்க. விமானத்துல அடி உழுந்துபோச்சு. எப்படியோ கொண்டாந்து எறக்கிப்போட்டேன். தோள்ல கட்டுப் போட்டிருக்குது, அவ்வளவுதான்.”

நான் செய்ததை அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

“நீங்க மைக்கப் புடிச்ச அன்னிக்கு விடியறதுக்குள்ளயே எங்கள வேற எடத்துக்கு மாத்திப்போட்டாங்க. நான் அங்க இல்லீங்கம்மா.”

அங்கே இருந்தவர்களைப் பற்றிக் கேட்டேன். இரண்டு பேர் இறந்துபோய்விட்டார்கள் என்றான். அந்தத் தளம் எதிரிக்கு வெகுநாளாகத் தெரிந்த இடம், உங்களால் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

நான் வாயைத் திறக்கும் முன்பே என் மகனை அங்கிருந்து எடுத்த தேவனுக்கு ஸ்தோத்திரம். தோள் ஆறி, அவன் மறுபடியும் பறக்கிறான். எங்கே என்று நான் கேட்பதில்லை.

அந்த இரண்டு பேருக்கும் தாய் இருப்பாள். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது, பாஷையும் தெரியாது. காலையில் முதலில் அவர்களுக்காக மண்டியிடுகிறேன், என் மகனுக்கு அப்புறம்தான்.

உங்களில் யாராவது, தப்பு என்னுடையது, நான் எப்படி ஆண்டவரிடம் கேட்பேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தால், தயங்காதீர்கள். உள்ளே போங்கள். என்னையே அவர் துரத்தவில்லை.