ஷட்டரை இறக்கிக் கேட்ட கேள்வி

1. பெரட்டுக்களத்துப் பரீட்சை

என் வேலை போகப்போகுதுன்னு எனக்குத் தெரிஞ்சது இலங்கையில ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக்களத்துல. விடியக்காலையில ஆள்களை வரிசையா நிறுத்தி வேலைக்குப் பிரிச்சு அனுப்புவாங்களே, அந்த எடம். அங்க எங்க டாக்டர் ஐயா சந்தோஷத்துல கையைத் தேய்ச்சுக்கிட்டு நின்னாரு. அவரு சந்தோஷப்பட்டாலே எனக்குப் புதுசா ஒரு தொல்லை வருதுன்னு அர்த்தம்.

நான் சர்க்கார் சுகாதாரப் பகுதியில பயாஸ்கோப்புக்காரன். மெசினைக் கையால சுத்துவேன். ஊமைப்படம்கிறதால கூடவே கதையும் சொல்லுவேன். படத்துல ஒருத்தன் வெறுங்காலோட ரப்பர் மலைக்குள்ள மரத்து மறைவுல ஒதுங்குவான். கொக்கிப்புழு அவன் பாதத்துல ஏறும். ஆளு வெளுத்துப்போயி, மருந்து குடிச்சு, கடைசியில கக்கூசுக்குப் போகப் பழகிப் பொழைச்சுக்குவான். புழு ஏறுற எடத்துல நான் போடுற சத்தத்துக்குப் புள்ளைங்க எல்லாம் காலைத் தூக்கி மடியில வச்சுக்கும். வாய்தான் என் பொழப்பு.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரரு. நல்ல மனுசன்தான், ஆனா சோதிச்சுப் பாக்காம சோத்துல கைவைக்க மாட்டாரு. ஒரு தோட்டத்துல படம் ஓட ஓட நான் கதை சொல்லணும்னாரு. அடுத்த தோட்டத்துல எல்லாத்தையும் மொதல்லயே சொல்லிட்டு, படம் ஓடுறப்ப சும்மா இருக்கணும். மூணாவதா அந்த ருவான்வெல்லைத் தோட்டத்துல மூச்சே விடக்கூடாது. மறுநாள் காலையில பெரட்டுல போயி, புழு எது வழியா ஏறும்னு தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்கன்னு கேப்பாரு. எப்படிக் காட்டினா மண்டையில ஏறுதுன்னு கண்டுபிடிக்கிறாராம்.

மூணு தோட்டத்துலயும் கை தூக்காத ஆளே இல்ல.

"இஞ்ச பாரும், உம்மட கதை இல்லாமலே சனத்துக்கு விளங்குது. மெசினைச் சுத்த ஒரு பெடியன் போதும் போலக் கிடக்கு" அப்படின்னாரு டாக்டர்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தோட்டத்துக் கூலிங்க குடியிருக்குற லயத்துல பொறந்தவனுக்குத் தெரியாதா? பெரட்டுல கை தூக்கினாத்தான் அன்னைக்குக் கணக்குல பேரு விழும். பேரு விழலைன்னா சம்பளம் இல்ல. அந்தக் களத்துல வச்சுக் கையைத் தூக்கச் சொன்னா எவன்தான் தூக்காம நிப்பான்? அதுலயும் ஆளுங்களைக் கட்டி மேய்க்கிற பெரிய கங்காணி தூக்கிட்டா அவரு ஆளு அத்தனை பேரும் தூக்கியாகணும்.

நானும் ஒரு கேள்வி கேட்டுக்கிறேன்னு டாக்டர்கிட்ட உத்தரவு வாங்கினேன். புழு காது வழியா ஏறுதுன்னு சொல்றவங்க கையைத் தூக்குங்கன்னேன். பெரிய கங்காணி தூக்கினாரு. கெழவன் கெழவி எல்லாம் தூக்கிச்சு. இடுப்புல இருந்த ஒரு புள்ளைக்கு அதோட ஆத்தாளே புடிச்சுத் தூக்கிவிட்டா. டாக்டர் மூஞ்சி அரிசி கழுவின தண்ணியாட்டம் ஆயிருச்சு.

2. இருட்டு

மனுசன் அதோட விடுவாரா? அடுத்த தோட்டத்துல புது ஏற்பாடு. பாதியில படத்தை நிறுத்தணும், இனி இவன் என்ன செய்வான்னு கேக்கணும், பதில் வர்ற வரைக்கும் நான் வாயே தெறக்கக்கூடாது. இதுலயும் ஒண்ணும் தேறலைன்னா, கதை சொல்ற ஆள் வேண்டாம்னு கொழும்புக்கு எழுதிப்போடுறதா முடிவு பண்ணிட்டாரு. தவளை தன் வாயால கெடும்பாங்க. நான் வாயை மூடிக் கெடப்போறேன்னு நெனைச்சேன்.

இன்னொரு சிக்கலும் இருந்துச்சு. ஓடுற படத்தை நிறுத்தினா விளக்குச் சூட்டுல பிலிமு தீப்பத்திக்கும். ஷட்டரை இறக்கி வெளிச்சத்தை மறைச்சாகணும். எடமே இருட்டாயிரும்னு சொன்னேன். இருட்டுல வாய் பேசாதோன்னு கேட்டாரு டாக்டர்.

சாயங்காலம் ரப்பர் ஸ்டோர்ல ஜன்னலுக்கெல்லாம் சாக்கு கட்டி படம் போட்டோம். முன்னால நாற்காலியில தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. பக்கத்துல கோட்டும் தலைப்பாவுமா அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி. படத்துல நம்ம ஆளு வயித்தைப் புடிச்சுக்கிட்டு லயத்தை விட்டு வெளிய வந்தான். ஷட்டரை இறக்கினேன். கும்மிருட்டு.

"இனி இவன் எங்க போவான்?" கேட்டுட்டு நின்னேன்.

ஒரு சத்தமும் இல்ல. என் நாக்கு துடிக்குது. எத்தனை வருசமா நானே சொல்லிப் பழகின பதில்! வாயெடுக்கப் போனேன், டாக்டர் என் தோளைப் புடிச்சு அமுக்கினாரு. போச்சு, பொண்டாட்டிக்கு என்ன சொல்லப்போறோம்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன்.

அப்ப பின்னால இருந்து ஒரு பொம்பளைக் குரல் நிதானமா வந்துச்சு.

"கக்கூசுக்குத்தாங்க போவான். அது பூட்டிக் கெடக்கும். திரும்பி ரப்பர் மலைக்குள்ள போவான்."

ஸ்டோரே சிரிச்சுச்சு. சாவி பெரிய கங்காணிகிட்ட இருக்குன்னு ஒரு ஆம்பளைக் குரல் சொல்லிச்சு. உள்ள அவரு ஆடு கட்டியிருக்குன்னு இன்னொண்ணு. சுகாதார இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டும் ஆட்டுக்கு லீவுன்னு வேற ஒண்ணு. வெறுங்காலோட அங்க மிதிச்சா புழு ஏறும்னு எங்களுக்கும் தெரியும், எங்க போகச் சொல்றீங்கன்னு மறுபடி அந்தப் பொம்பளை கேட்டா. துரை தனக்குத் தெரிஞ்ச தோட்டத்துத் தமிழ்ல, யாரு பேசுறதுன்னு அதட்டினாரு. ஷட்டரைத் தூக்கினா, அத்தனை பேரும் சாமி கும்பிடுற மாதிரி திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. பெரிய கங்காணி மட்டும் வேட்டியைச் சரிபண்ணிக்கிட்டு இருந்தாரு.

படம் முடிஞ்ச கையோட டாக்டர் துரையைக் கூட்டிக்கிட்டு லயத்துக் கக்கூசுப் பக்கம் போனாரு. கங்காணி சாவியைத் தேடுற மாதிரி தேடினாரு. உள்ள இருந்து ஆடு கத்திக் காட்டிக்குடுத்துருச்சு. சுண்ணாம்பு அடிச்ச சுவத்துக்கு நடுவுல ரெண்டு வெள்ளாடு, நல்லா கொழுத்து நின்னுச்சு. துரை மூஞ்சி செவந்துபோச்சு. பூட்டை அங்கேயே வாங்கித் தன் பையில போட்டுக்கிட்டாரு.

3. கூலி

திரும்பி வர்ற வழியில டாக்டர் தீர்ப்பு சொன்னாரு. "உம்மை நிப்பாட்டேல்லை. ஆனா நீர் இனிக் கேள்வியை மட்டும் கேளும். மிச்சத்தைச் சனம் சொல்லும்."

வேலை தங்கிச்சு. ஆனா உள்ளுக்குள்ள எரிச்சல்தான். கதை சொல்லிப் பேர் வாங்கின ஆளுக்கு, சும்மா நிக்கிறதுக்குச் சம்பளம்! பேசுறதை விட அது எவ்வளவு கஷ்டம்னு நின்னு பாத்தவனுக்குத்தான் தெரியும்.

இப்பப் படம் காட்டிப் பாடம் சொல்ல வர்ற புள்ளைங்க, எப்படிக் காட்டணும்னு எங்கிட்டக் கேக்குறாங்க. கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடுங்க, கேக்குறப்ப துரையும் கங்காணியும் ஆளுங்க மூஞ்சியைப் பாக்காம பாத்துக்கங்கன்னு சொல்றேன். அந்த இருட்டுக்கு முன்னால எத்தனையோ தோட்டத்துல நான் மூச்சு விடாம பேசிட்டு, நல்லா விளங்கிருச்சுன்னு சந்தோஷமா வண்டி ஏறியிருக்கேன். அங்கெல்லாம்கூட கக்கூசு பூட்டித்தான் கெடந்திருக்கும்.