வலது பக்கத்து ஜாய்ஸ்டிக்

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டிய நானும் என் நண்பனும் ஷிப்ட் முடிந்ததும் மேனாம்பேடு வீடியோ கேம் கடைக்குப் போவோம். சண்டை ஆட்டத்துக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். இடது பக்கத்தது தொளதொளவென்று ஆடும். வலது பக்கத்துக்கு அடித்துக்கொள்வோம். கண்டபடி பட்டன் தட்டிய என்னிடம் அவன்தான் சொன்னான்: "அடிக்கிறது அப்பால, மொதல்ல தடுக்கக் கத்துக்க மச்சான்."

பிரஸ்ஸுக்கும் இரண்டு பட்டன். கை உள்ளே சிக்காமலிருக்க, இரு கையாலும் அழுத்தினால்தான் அது இறங்கும். வேலை வேகமாக நடக்கட்டுமென்று சூப்பர்வைசர் நண்பனுடைய பிரஸ்ஸில் ஒரு பட்டனைத் தீக்குச்சி செருகி அமுக்கியே வைத்தான். கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் இறங்கி, அவனுக்கு வலது கையில் மூன்று விரல் போனது. அஜாக்கிரதை என்றது கம்பெனி. எவனுடைய அஜாக்கிரதை?

கட்டுப் பிரித்ததும் கடைக்கு வந்தான். நல்ல ஜாய்ஸ்டிக்கை அவனுக்கு விட்டேன். இடது கையால் பட்டன் தட்டுவதற்காகக் கைகளைக் குறுக்கே மாற்றி, விரல் போன கையால் அதைத் தள்ளினான். வேண்டுமென்றே தோற்றேன்.

"மிஷின் எனக்கு வுட்டுக்குட்த்துச்சா? நீ இன்னாத்துக்கு வுட்டுக்குடுக்கிற?"

அடுத்த ஆட்டத்தில் அவனை அடித்துத் துவைத்தேன். சிரித்தான்.

மறுநாள் காலை அவனுடைய பிரஸ்ஸில் என்னை நிறுத்தினார்கள். தீக்குச்சி அப்படியே இருந்தது.