அண்டாக்காரருக்குக் கைதட்டியது

முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனையில் போர் போட லாரி வந்து நின்ற மூன்று நாட்களில்தான் எனக்கு மேற்கத்திய சங்கீதம் அறிமுகமானது. காரணம் ரசனை அல்ல, தற்காப்பு. இயந்திரத்தின் இரைச்சலை அமுக்க எதையாவது சத்தமாக வைக்கலாம் என்று கைப்பேசியை ஹாலில் இருந்த ஸ்பீக்கரோடு இணைத்தேன். சினிமாப் பாட்டு தோற்றது. நாகஸ்வரமும் தோற்றது. அது முடிந்ததும் கைப்பேசி தானாகவே எதையோ எடுத்துப் போட்டது. ஒரு பெண் குரல் எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது. இயந்திரம் போன இடம் தெரியவில்லை. அன்றைய நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: “காலை 11.20. ஓபரா. இத்தாலிய மொழி. பாறையைத் துளைக்கும் இயந்திரத்தை வென்ற முதல் குரல்.”

மறுநாளே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். வரிசை எண், நேரம், நாடு, வாத்தியங்கள், ராகம். கடைசிக் கட்டத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். மார்கழியில் இலவசக் கச்சேரிகளின் பின்வரிசையில் உட்கார்ந்து சேர்த்த கேள்வி ஞானம் என்னுடையது. எனக்கு அடையாளம் தெரிந்த ராகங்கள் ஆறு. மூன்று மாதத்தில் நாற்பத்தொரு பதிவுகள் சேர்ந்தன. அவற்றில் முப்பத்தாறு சங்கராபரணம். மீதி ஐந்துக்குக் கேள்விக்குறி. ஐரோப்பா முழுவதும் காலங்காலமாக ஒரே ராகத்தைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பினேன். இதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான் என்றும் நம்பினேன். ஒவ்வொரு முறையும் அடுக்களையில் இருக்கும் மனைவி பக்கம் திரும்பி அறிவிக்கவும் செய்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் மீன் கொண்டுவரும் அக்கா, ஒரு காலையில் கூடையை இறக்காமலேயே கேட்டைப் பிடித்து ஆட்டினார்.

“இன்னா சார், வூட்ல யாரு இப்டி கத்திகினு கீறாங்க? அக்காவுக்கு ஒண்ணும் இல்லியே?”

“பாட்டுங்க அது. வெளிநாட்டுப் பாட்டு. மைக்கே இல்லாம மண்டபம் முழுக்கக் கேக்கும்.”

அவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். “மைக்கு இல்லாமயா? அப்போ நல்ல தொண்டைதான். நானுந்தான் நாலு தெருவுக்கு மைக்கு இல்லாம கூவிகினு வரேன். எனுக்கு யாரு கை தட்றா? வெல கேட்டுட்டுக் கதவ சாத்திக்கிறாங்க.”

“நீங்க கூவறது என்ன மீனுன்னாவது புரியுது” என்றாள் என் மனைவி, பாத்திரத்தோடு வெளியே வந்தபடி.

அன்று மதியம் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். “நேர்ல ஒரு தடவை உங்ககூட வந்து கேக்கறேன். புடிச்சா ஹால்ல ஸ்பீக்கர் இருக்கட்டும். புடிக்கலைன்னா நீங்க ஹெட்போன். அப்புறம் பேச்சே கிடையாது.”

ஹெட்போன் எனக்குக் காதில் வலிக்காது. ஆனால் மகள் வேலைக்கு பெங்களூர் போனபிறகு, மனைவி உள்ளறையில் சீரியலோடும் நான் ஹாலில் நாட்குறிப்போடும் இருக்கிற வீடு இது. இரண்டு பேர் காதிலும் ஒரே சத்தம் விழும் நேரம் இப்போதெல்லாம் குக்கர் விசில் மட்டும்தான். அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள எனக்கு ஆசை. நோட்டில் இதற்குக் கட்டம் போடவில்லை.

நகரத்துக்கு ஒரு வெளிநாட்டு வாத்தியக் குழு வந்திருந்தது. ஞாயிறு மாலை ஐந்து மணி. தாம்பரத்தில் ரயில் ஏறியதும் நான் விதிகளைச் சொல்லத் தொடங்கினேன்.

“சிம்ஃபனின்னா நாலு பகுதி. ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் நிறுத்துவாங்க. அப்போ கை தட்டக் கூடாது. நாலும் முடிஞ்சாதான்.”

“இருமல் வந்தா?”

“நிறுத்தற இடத்துல.”

“தூக்கம் வந்தா?”

எதிர் இருக்கைப் பெண் சிரித்துவிட்டாள். நான் பல்லாவரம் வரை விதிகளை விடவில்லை.

அரங்கில் என் கண் கடைசி வரிசையிலேயே நின்றது. பிரியாணி அண்டாக்கள் போல நான்கு செம்பு முரசுகள்; அவற்றின் பின்னால் நரைத்த தாடியோடு ஒருவர். மற்ற எல்லோரும் வேர்க்க வேர்க்க வாசிக்க, அவர் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். முதல் பகுதியில் ஏழெட்டு அடி. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. ஊருக்கு ஊர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து சும்மா இருக்கிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாவது பகுதியில் வயலின்கள் சட்டென்று நின்றன. அண்டாக்காரர் எழுந்தார். தனியாக, அரங்கமே அதிர, ஒரு பொழி பொழிந்து நிறுத்தினார். தாள வாத்தியம் தனியாக வாசித்து முடித்தால் அதற்குப் பெயர் தனி ஆவர்த்தனம். தனி முடிந்தால் கை தட்டவேண்டும். இதை என் மூளை யோசிக்கவில்லை, கைகளே முடிவு செய்துவிட்டன. கூடவே வாய், “பலே!” என்றது.

மொத்தம் ஐந்து தட்டு. நான்காவதில் நான் மட்டும்தான் தட்டுகிறேன் என்று தெரிந்தது. ஐந்தாவது வேகத்தில் வந்துவிட்டது.

முன்வரிசையில் மூன்று தலைகள் திரும்பின. என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். ஹெட்போன் என்ன வண்ணத்தில் வாங்கலாம் என்பதுவரை யோசித்துவிட்டேன்.

எல்லாம் முடிந்தபின் குழுவின் நடத்துநர் ஒவ்வொரு வாத்தியக்காரராக எழுப்பினார். அண்டாக்காரரின் முறை வந்தபோது அவள் என் முழங்கையை இடித்தாள். “இப்போ தட்டுங்க. இப்போ சட்டப்படி சரி.” அவளே பலமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் ரயிலில் மீனம்பாக்கம் தாண்டியதும் தாங்காமல் கேட்டேன். “முடிவு என்ன?”

“பாட்டு நல்லாதான் இருந்துச்சு.”

“அப்போ ஸ்பீக்கர்?”

“ஏங்க, இந்த மூணு மாசமா நான் எங்க பாட்டுக் கேட்டேன்? ‘இது சங்கராபரணம், இதுவும் சங்கராபரணம்’னு நீங்க சொல்றதைத்தான் கேட்டேன். அதுதான் பேஜார். இன்னிக்குத்தான் ஒரு மணி நேரம் வாயை மூடிட்டு இருந்தீங்க.”

“பலேன்னு சொன்னேனே.”

“அது ஒண்ணாவது சின்னதா இருந்துச்சு.”

ஸ்பீக்கர் ஹாலிலேயே இருக்கிறது. பாட்டு ஓடும்போது நான் பேசக்கூடாது என்பது புதிய நிபந்தனை. ஞாயிறு பத்து மணிக்கு அவள் பீன்ஸ் தட்டோடு வந்து உட்காருகிறாள். அண்டா இருக்கிற பாட்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறாள். நேற்றைய பதிவு, வரிசை எண் நாற்பத்து நான்கு: “காலை 10.05. ஓபரா. இரண்டு பெண் குரல்கள். அவள் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். ராகம்: சங்கராபரணம். சொல்லவில்லை.”