இரண்டு குறைகள் தேவை

எனக்குக் கீழே வேலை செய்பவரிடம் குறை ஒன்றும் இல்லை என்று எழுதினால், என்னை வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள் என்று நான் நம்பினேன். நாற்பத்தெட்டு வயதையும் ஒரு பட்டத்தையும் வைத்துக்கொண்டு நம்பினேன்.

எங்கள் தொழில் அப்படி. செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிற ஒரு வேர்க்கடலைக் கிடங்கில் நான் மேற்பார்வையாளன்; எங்கள் பக்கத்தில் அதை மணிலா என்போம், பேச்சில் மல்லாட்டை. வருகிற மூட்டையில் அடிவரை கைவிட்டு ஒரு பிடி காயை அள்ளி, உடைத்து, சொத்தை எத்தனை, பருப்பில்லாத பொக்கு எத்தனை, மண்ணாங்கட்டி எத்தனை என்று சீட்டில் எழுத வேண்டும். யாராவது ‘குறை இல்லை’ என்று சீட்டை நீட்டினால் நாங்கள் மூட்டையைப் பாராட்ட மாட்டோம். ஆளைத்தான் சந்தேகப்படுவோம். “தூங்கினியா? போய்த் திரும்ப அள்ளு” என்று நானே எத்தனையோ பேரை விரட்டியிருக்கிறேன்.

ஆகவே, தலைமை அலுவலகம் கணினியில் அனுப்பிய மதிப்பீட்டுப் படிவத்தில் ‘குறைகள்: குறைந்தது இரண்டு’ என்ற கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. அதை நிரப்பாமல் அனுப்பவும் முடியாது. பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

படிவம், கிடங்கில் தரம் பார்க்கும் அம்மாவுக்கானது. பக்கத்தில் இருக்கிற வல்லத்திலிருந்து காலை பஸ்ஸில் வருபவர்; ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆள். தரப் பிரிவுக்கு நிரந்தரமாக ஒரு பொறுப்பாளரைப் போடப் போகிறார்கள் என்றதும் அவரைத்தான் நான் சிபாரிசு செய்திருந்தேன். அந்த வேலை அவருக்கா, வெளியிலிருந்து வேறொருவருக்கா என்பதை இந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

குறை தேடக் கிளம்பினேன். பஸ் தாமதமாகட்டும் என்று வேண்டிக்கொண்டு காலையில் வாசலில் நின்றேன். அவரோ எனக்கு முன்பே வந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய சீட்டுகளைப் புரட்டினேன். ஒரு அடித்தல் கூட இல்லை. மறுநாள் மாலை அவரே கேட்டுவிட்டார்.

“இன்னா சார், ரெண்டு நாளா என் பின்னாடியே சுத்துறீங்க? வூட்ல சண்டையா?”

“ஒண்ணும் இல்லம்மா. நீ வேலையைப் பாரு.”

மூன்றாம் நாள் கீழ்த்தரமான வேலை ஒன்று செய்தேன். போன வாரத்துச் சரக்கிலிருந்து ஒரு பிடிச் சொத்தைக் காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், அவர் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் அவருடைய மாதிரிக் காய்த் தட்டில் கலந்துவிட்டேன். திரும்பி வந்தவர் தட்டை ஒருமுறை குலுக்கினார். இரண்டு காயை எடுத்துக் காதருகே ஆட்டினார்.

“இது இந்த லோடு மல்லாட்டையே இல்ல சார். இன்னிக்கி வந்தது ஈரம். இது காஞ்சி கலகலன்னு ஆடுது.” அப்புறம் என் சட்டையைப் பார்த்தார். “உங்க பாக்கெட்ல ஏன் சார் செம்மண்ணு?”

மூட்டை தூக்குபவர்கள் சிரித்த சிரிப்பு செஞ்சிக் கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். நான் தலைகுனிய வேண்டிய இடம்தான். எனக்கோ உள்ளுக்குள் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. பார்த்தீர்களா எங்கள் ஆளை, என்று யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

உண்மையைச் சொன்னேன். கட்டத்தையும் காட்டினேன்.

“இதுக்கா இம்மாம் டென்ஷன்? எழுதுங்க சார். நீங்க ஓகே சொன்ன லோடை மூணு வாட்டி நான் திருப்பி அனுப்புனேன் இல்ல?”

“அது குறையாம்மா?”

“அன்னிக்கி உங்க மூஞ்சைப் பாக்கணுமே. குறைதான்.”

இரண்டாவதையும் அவரே சொன்னார்: விவசாயி சந்தேகப்பட்டுக் கேட்டால் மூட்டையை மறுபடி பிரித்துக் காட்டுகிறார், அதனால் லாரிகள் காத்து நிற்கின்றன. இரண்டும் உண்மை. ‘மேற்பார்வையாளர் ஏற்ற சரக்கை மூன்று முறை மறுத்தார், மூன்று முறையும் அவர் சொன்னதே சரி’ என்று அழகாக எழுதி, இரண்டாவதையும் சேர்த்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டீ குடித்துவிட்டு வந்து நகலைத் திறந்தேன். அந்தக் கட்டம் ஒரு குறைக்கு இத்தனை எழுத்துதான் கொள்ளுமாம். முதல் குறையில் ‘மூன்று முறை மறுத்தார்’ வரைக்கும்தான் ஏறியிருந்தது. மிச்சத்தைக் கணினி தின்றுவிட்டது. ஒன்பது வருட உழைப்பை நானே என் கையால் கவிழ்த்துவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. “போனைப் போட்டுச் சொல்லிடுங்க, இல்ல சாப்பிடுங்க. ரெண்டும் இல்லாம தட்டு முன்னாடி குந்திக்கினு இருக்காதீங்க” என்றாள் மனைவி.

போட்டேன். தலைமை அலுவலக மேலாளர் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினார்.

“நீங்க ஏத்துக்கிட்ட சரக்கை அவங்க ஏன் மறுத்தாங்க?”

“அடி மூட்டையெல்லாம் ஈரம் சார். நான் மேல் மூட்டையை மட்டும் பார்த்தேன்.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும் சார்.”

“அப்போ இந்தக் குறை உங்க படிவத்துல இல்ல வரணும்?”

குரல் நடுங்காமல் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்: “வரட்டும் சார். அவங்களுக்கு அந்தப் பொறுப்பைக் குடுங்க.”

அந்த வருடம் என் படிவத்தில் ‘சரக்கை முழுதாகப் பார்ப்பதில்லை’ என்று ஏறியது. என் வேலை போகவில்லை. பதினைந்து நாளில் அவருக்கு நிரந்தர உத்தரவு வந்தது. இப்போது அவர் கையெழுத்து இல்லாமல் எந்த லோடும் கிடங்குக்குள் போவதில்லை. நான் சரி என்று சொன்ன லோடும்தான்.