வெள்ளிப் பெயிண்ட் அடித்த தொட்டில் ஸ்பிரிங்

இது நடந்து இரண்டு ஆண்டு ஆகிறது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் இருக்கிறேன். பதினேழு ஆண்டு ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அதை மூடியபோது, இந்த வயதில் இன்னொரு முதலாளியிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம் என்று பழைய சாமான்களை வாங்கி இணையத்தில் விற்க ஆரம்பித்தேன்.

எங்கே தோட்டம் கைமாறுகிறது, எங்கே தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் காலையில் என் வேன் அங்கே நிற்கும். காலி செய்கிறவர்களுக்கு ஆயிரம் கவலை. புது வீட்டில் இடம் இருக்காது, சாமான் ஏற்ற லாரி கிடைக்காது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, எடுத்துட்டுப் போங்கக்கா என்பார்கள். தையல் மெஷின், நிலைக்கண்ணாடி, மேசை விசிறி என்று எதையும் விடமாட்டேன். அவர்களுடைய அவசரம்தான் என்னுடைய லாபம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, வியாபாரம் என்றால் அப்படித்தான்.

வாங்கி வந்ததை அப்படியே விற்கமாட்டேன். உப்புத்தாளால் தேய்ப்பேன், பெயிண்ட் அடிப்பேன், வாசலில் இருக்கும் காகிதப்பூச் செடிக்கு முன்னால் வைத்துப் படம் எடுப்பேன். அந்தச் செடிக்கு முன்னால் வைத்தால் ஓட்டை வாளிகூட அழகாகத்தான் தெரியும். "நீ படம் எடுத்தா குப்பைக்கும் ஆளு வரும்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பீடோர் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீட்டில்தான் அந்தத் தொட்டில் ஸ்டாண்ட் கிடைத்தது. இரும்புக் கால்கள், மேலே கொக்கி, அதில் மாட்டிய ஸ்பிரிங். சேலையையோ கைலியையோ கட்டிப் பிள்ளையைப் போட்டால் தானாக ஆடுமே, அதுதான். கால்கள் நன்றாக இருந்தன. ஸ்பிரிங்தான் சரியில்லை. மேல் வளைவில் துரு ஆழமாக ஏறியிருந்தது. தேய்க்கத் தேய்க்க அந்த இடம் மெலிந்துகொண்டே போனது. ஸ்பிரிங்குக்கு உள்ளே பாதுகாப்புக்காக ஒரு கயிறு போட்டிருப்பார்கள். ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் கீழே விழாமல் அந்தக் கயிறு பிடித்துக்கொள்ளும். அந்தக் கயிறு எண்ணெயும் அழுக்குமாகக் கறுத்துப் போய்ப் படத்தில் அசிங்கமாகத் தெரிந்தது. வெட்டி எறிந்துவிட்டேன். புதுக்கயிறு போட வேண்டும் என்று நினைத்தேன், போடவில்லை. மெலிந்த வளைவின் மேல் இரண்டு தடவை வெள்ளிப் பெயிண்ட் அடித்தேன். எத்தனை பிள்ளைகள் தூங்கிய ஸ்பிரிங், இன்னும் ஒன்று தூங்கினால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. 'நல்ல நிலை, அப்படியே பயன்படுத்தலாம்' என்று எழுதிப் படத்தைப் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பிள்ளையின் அப்பா, முப்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். மற்றவர் அவருடைய அக்கா, அதாவது பிள்ளைக்கு அத்தை. அந்த அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாராம். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசினார்.

"கடைசி வெல சொல்லுங்கக்கா. மொத மருமகன், அத்த போடுற தொட்டிலு. கொஞ்சம் கொறைங்கலா."

குறைத்தேன். குறைப்பதற்கென்றே ஏற்றித்தான் வைத்திருந்தேன். நாளைக்கு முப்பதாம் நாள், பதினொரு மணிக்குத் தொட்டிலில் போடுகிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னார். கிளம்பும்போது பிள்ளையின் அப்பா ஸ்பிரிங்கை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது ஓகேதானேக்கா?" என்று கேட்டார்.

"என் ரெண்டு பிள்ளையும் இதுமாதிரி தொட்டில்லதான் தம்பி வளந்துச்சு" என்றேன்.

அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தேநீர் குடித்துக்கொண்டே கைத்தொலைபேசியைப் பார்த்தேன். தொட்டில் விற்றுவிட்டது என்று குறிக்க மறந்திருந்தேன். யாரோ ஒரு மலாய்க்காரப் பெண் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு, அடுத்த வரியிலேயே ஸ்பிரிங்குக்கு உள்ளே கயிறு இருக்கிறதா என்றும் கேட்டிருந்தார். விற்றுவிட்டது என்று பதில் போட்டேன். கயிற்றைப் பற்றி எழுதவில்லை, எழுத அவசியமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். முகம் தெரியாத ஒரு பெண் முதலில் கேட்டதே அதைத்தான். இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு அது தெரியாதா?

உடனே கிளம்பினேன் என்று சொன்னால் பொய். முதலில் பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு செய்தி எழுதினேன். ஸ்பிரிங்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். அழித்தேன். சும்மாதான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன், அதையும் அழித்தேன். எழுதுவதும் அழிப்பதுமாக அரைமணி நேரம் போனது. கடைசியில், 'ஸ்பிரிங்கில் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், கூடுதல் பாதுகாப்பு' என்று அனுப்பினேன். அந்த நேரத்திலும் வியாபாரி புத்தி போகவில்லை பாருங்கள். அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. நான்கு தடவை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. விசேஷ வீட்டில் யார் தொலைபேசியை எடுப்பார்கள்? அப்புறம்தான் வேன் சாவியை எடுத்தேன்.

லகாட்டிலிருந்து பீடோர் வந்து, தெலுக் இந்தான் வழியாகப் போக வேண்டும். பாதையெல்லாம் மணியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தெலுக் இந்தானில் ஒரு சீனர் கடை திறந்திருந்தது. அங்கே பத்து நிமிடம் நின்று புது ஸ்பிரிங் ஒன்று வாங்கினேன். நான் கேட்காமலே கடைக்காரர் அதற்குள் கயிற்றைக் கோத்து இரண்டு முடிச்சுப் போட்டார். கயிறு இல்லாமல் அவர் ஸ்பிரிங்கை விற்பதே இல்லையாம். அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் என் மேலேயே கோபம் வருகிறது. வெறுங்கையோடு போய் நிற்க வெட்கமாக இருந்தது, அதற்காகத்தான் நின்றேன்.

ஹுத்தான் மெலிந்தாங் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். வீடு தெரியாது. வாசலில் கூடாரம் போட்ட வீடு எது என்று விசாரித்துக் கண்டுபிடித்தேன். ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. வாசலிலேயே அந்த அத்தை என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"பாப்பா எங்க?" என்றுதான் கேட்டேன். வாங்க என்றுகூட அவரைச் சொல்ல விடவில்லை.

"உள்ள தூங்குறான்க்கா. வாங்க, வாங்க! உங்களுக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன். உங்க ஸ்பிரிங்க ஒடைச்சிட்டோம்லா."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் காட்டினார். அவர்கள் குடும்பத்தில் பிள்ளையைத் தொட்டிலில் போடுவதற்கு முன் அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, துணி சுற்றி அதைத்தான் முதலில் போட்டு ஆட்டுவார்களாம். பிள்ளை கல் மாதிரி உறுதியாக இருக்க வேண்டும் என்பதற்காக. எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை, நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். குழவியைப் போட்டு அத்தை மூன்று தடவை ஆட்டியிருக்கிறார். மூன்றாவது தடவை மேலே போய்வந்தபோது ஸ்பிரிங் அறுந்து, கல் நேராகக் கீழே விழுந்திருக்கிறது.

தரையில் ஒரு டைல் நான்காக வெடித்துக் கிடந்தது.

"கல்லு கனம், தாங்கல. ஒங்க மேல தப்பில்லக்கா, நாங்கதான் பாத்துப் போட்டிருக்கணும். புள்ள மேல இருந்த திருஷ்டியெல்லாம் அதோட போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிற முகம் அது.

குழவி ஓரமாக ஒரு தாம்பாளத்தில் இருந்தது. தூக்கிப் பார்த்தேன். நான்கு கிலோ இருக்கும். பக்கத்தில் அம்மா மடியில் தூங்கிய அந்தப் பிள்ளையும் அவ்வளவுதான் இருப்பான். மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன்.

என் கையில் இருந்த புது ஸ்பிரிங்கை அத்தை பார்த்துவிட்டார். "ஐயோ, பிள்ளைக்குன்னு புதுசா வாங்கிட்டு வந்தீங்களா! இதுக்காகவா அவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. உட்கார்ந்தேன், தண்ணீரையும் குடித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த அசிங்கமான காரியம் எது என்று கேட்டால் பெயிண்ட் அடித்ததைச் சொல்லமாட்டேன், அந்தத் தண்ணீரைக் குடித்ததைத்தான் சொல்வேன்.

பிள்ளையின் அப்பா புது ஸ்பிரிங்கை மாட்டினார். இந்தத் தடவையும் குழவியைப் போட்டு ஆட்டிவிட்டுத்தான் பிள்ளையைப் போட்டார்கள். அதைப் படம் எடுக்க அவர் அறைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்து வந்தார். வரும்போது திரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றிரண்டு படம் எடுத்தார். அப்புறம் என்னிடம் வந்து, வெளியே வாங்க என்று கண்ணால் கூப்பிட்டார்.

என் வேன் பக்கத்தில் நின்றோம்.

"அக்கா, காலையில பத்து மணிக்குள்ள நாலு தடவ கூப்பிட்டிருக்கீங்க. அப்போ நாங்க தொட்டிலையே கட்டல" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ஒடையும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். துரு, மெலிந்த வளைவு, வெட்டி எறிந்த கயிறு, பெயிண்ட் எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன். திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவருடைய கழுத்து நரம்பு மட்டும் புடைத்துத் தெரிந்தது.

"நேத்து நான் கேட்டேன்லக்கா" என்றார்.

"கேட்டீங்க தம்பி."

உள்ளே அத்தை தாலாட்டுவது கேட்டது. அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"எங்கக்காகிட்ட சொல்லாதீங்க. புருஷன் இல்லாதவங்க. மொத தடவையா இந்த வீட்ல முன்னுக்கு நின்னு ஒரு நல்ல காரியம் செய்றாங்க. இத வாங்கிக் குடுத்ததே அவங்கதான்னு இருக்கு, தெரிஞ்சா தாங்கமாட்டாங்க." பிறகு, "விசேஷ வீட்டுக்கு வந்துட்டீங்க. சாப்ட்டுப் போங்க" என்றார்.

போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அத்தை விடவில்லை, இழுத்துப் போய் உட்கார வைத்துவிட்டார். அந்தத் தம்பிதான் எனக்குப் பரிமாறினார். சோறு வைத்தார், சாம்பார் ஊற்றினார், பாயாசமும் வைத்தார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்ல காரியம் நடக்கும் வீட்டில் அழக்கூடாது என்று குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தேன்.

கிளம்பும்போது வேனில் என் பக்கத்து இருக்கையில் பழைய பேப்பரில் சுற்றிய ஒன்று இருந்தது. உடைந்த ஸ்பிரிங். அவர்தான் வைத்திருக்க வேண்டும். பிரித்துப் பார்த்தேன். அறுந்த இடத்தில் உள்ளே முழுக்கத் துரு. வெளியே என் பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

இப்போதும் இதே வியாபாரம்தான் செய்கிறேன். திருந்தி வேறு ஆளாகிவிட்டேன் என்று கதைவிட மாட்டேன். விலையை இன்றும் ஏற்றித்தான் சொல்கிறேன். ஆனால் குழந்தை ஏறுகிற, படுக்கிற எதையும் வாங்குவதில்லை. மற்ற சாமான்களில் எங்கே விரிசல் இருக்கிறதோ அந்த இடத்தைத்தான் முதலில் படம் எடுக்கிறேன். இதனால் சில பேர் வாங்காமல் போய்விடுகிறார்கள், போகட்டும்.

அந்த வாரமே அத்தை என் இணையப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார். "பிள்ளைக்குன்னு புது ஸ்பிரிங் வாங்கிக்கிட்டு லகாட்லருந்து தேடி வந்தாங்க, இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷியா" என்று. கூடவே தொட்டிலில் பிள்ளை தூங்குகிற படம். எனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே அதற்குத்தான் அதிக விருப்பக்குறிகள். அதைப் படித்துவிட்டுத்தான் உங்களிடம் வாங்க வந்தோம் என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள். அதற்குக் கீழே நன்றி என்று ஒரு சொல் எழுத என்னால் இன்றுவரை முடியவில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கில் அந்தத் தம்பியும் அதைப் படித்திருப்பார், படித்தும் பேசாமல் இருக்கிறார். ஒவ்வொரு சாமானையும் விற்பதற்கு முன் அவர் பக்கத்தில் நின்று, இது ஓகேதானேக்கா என்று கேட்பதாகவே எனக்கு இருக்கிறது, கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லப் பழகிக்கொண்டு வருகிறேன்.